பலாமரக் கோயிலும் பொத்தான் சந்தையும்: குவாங்சோ நாட்குறிப்பு

திங்கள் இரவு

தென்சீனத்தின் குவாங்சோ நகரம் நம் பக்கத்தில் இரண்டு வகை ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் காண்டன் (குவாங்சோவின் பழைய பெயர்) வணிகக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரு வகை. துணி, விளக்கு, செல்போன் உறை என்று சரக்கெடுக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இரு கூட்டத்தாரும் விடுதி, சந்தை, இந்திய உணவகம் என்று சுற்றிவிட்டு, கடைசி இரவு 600 மீட்டர் காண்டன் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள்.

அக்கா இரண்டாம் வகை. திருப்பூரில் ஜிப், பொத்தான், லேஸ் வியாபாரம். "நீயும் வாடா தம்பி, சாம்பிள் பை தூக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டாள். பகலில் அவளுக்குச் சந்தை, எனக்கு ஊர், சாப்பாட்டு வேளைக்கு முடிந்தவரை சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. கோபுரத்தின் பக்கம் போவதில்லை என்பது மட்டும் என் நிபந்தனை. உயரமான கட்டடம் எந்த ஊரிலும் உண்டு.

அக்கா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கீரையைக்கூடச் சிப்பிச் சாஸ் ஊற்றித் தரும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. நான் எதையும் சாப்பிடுவேன். ஆகவே இந்தக் குறிப்புகள் இரு தரப்புக்கும் பயன்படும்.

மார்ச் மாதம் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்காலம் முடிந்து தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பும்போது, இன்னும் குளிர்ந்தே கிடக்கும் சுவரிலும் தரையிலும் அந்த ஈரம் நீராகப் படிந்துவிடும். கண்ணாடி, ஓடு, படிக்கட்டு எல்லாம் வியர்த்து வழியும். எங்கள் விடுதி வாசலில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து வைத்திருந்தார்கள், வழுக்காமல் இருக்க. துவைத்த துணி காயும் என்று நம்பி வராதீர்கள்.

இன்னொன்று, கூகுள் வரைபடத்தை மறந்துவிட்டு உள்ளூர் வரைபட ஆப் ஒன்றை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அலிபேயில் நம் ஊர்க் கடன் அட்டையை இணைத்துவிட்டால் தெருவோரக் கீரைக்காரம்மா வரை கியூஆர் கோடில்தான் கணக்கு.

செவ்வாய்

தங்கியிருப்பது லீவான் பகுதியில், பழைய நகரத்தின் மேற்குப் பக்கம். காலை ஏழு மணிக்குச் சந்துக்குள் ஆவி பறக்கும் ஒரு கடை. பெயர்ப்பலகை உண்டு, என்னால் படிக்க முடியாது. உள்ளே ஒரு அம்மாள் ஆவிப்பெட்டியின் மேல் வெள்ளைத் துணியை விரிக்கிறார். அரைத்த அரிசிப்பாலை ஒரு கரண்டி ஊற்றிப் பரப்பி மூடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகாது, திறந்து துணியோடு தூக்கி எண்ணெய் தடவிய மேசையில் கவிழ்த்து, துணியை உரித்து, வெந்த மாவை ஒரு தகட்டால் சுருட்டித் தள்ளுகிறார். அக்கா பார்த்த வேகத்தில் சொன்னாள்: "டேய், இது நம்ம இட்லித் துணிடா."

இதற்கு ச்சோங் ஃபன் என்று பெயர். உள்ளே இறால், மாட்டிறைச்சி, முட்டை என்று எதையும் வைக்கலாம். எதுவும் வைக்காத வெறும் சுருளும் உண்டு, 'சாய் ச்சோங்' என்று கேட்க வேண்டும். மேலே இனிப்புச் சோயா சாஸ் ஊற்றித் தருகிறார்கள். எள் தூவச் சொல்லலாம். நம் பணத்தில் எழுபது ரூபாய்க்குள் அக்காவுக்கு வயிறு நிறைந்தது. துணியில் செய்யும் கடையையே தேடுங்கள். இழுப்பறை மாதிரி தகரத் தட்டுகளில் வேகவைக்கும் கடைகள்தான் இப்போது அதிகம். வேகம் கூடுதல், ஆனால் சுருள் கொஞ்சம் தடிமனாகிவிடுகிறது.

அக்கா சந்தைக்குக் கிளம்ப, நான் என்னிங் சாலைக்கு நடந்தேன். 1930களில் எழுந்த தெரு. வீட்டின் மாடி நடைபாதைக்கு மேல் நீண்டு தூண்களில் நிற்கிறது. அதனால் தெரு முழுக்க நிழல், மழைக்கும் குடை வேண்டாம். தெருவின் ஒரு பகுதியைச் சீரமைத்து யோங்சிங் ஃபாங் என்ற பெயரில் காபிக்கடைகளும் பரிசுக்கடைகளுமாக மாற்றிவிட்டார்கள். இளைஞர் கூட்டம் அங்கேதான். புரூஸ் லீயின் தந்தை காண்டனீஸ் இசைநாடக நடிகர். அவருடைய பழைய வீடும் அந்தப் பகுதியில் இருக்கிறது, எட்டிப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது சீரமைக்காத பகுதிதான். அங்கே இன்னும் செம்புப் பட்டறைகள் இருக்கின்றன. வாசலிலேயே உட்கார்ந்து கெண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். ஒவ்வொரு தட்டுக்கும் செம்பில் ஒரு சின்னப் பள்ளம், பள்ளங்கள் வரிசை பிசகாமல் இறங்கி வருகின்றன. விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

பக்கத்துச் சந்துகளில் வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். மூன்று அடுக்கு. வெளியே இடுப்புயரத்துக்கு மேல் ஒரு குட்டைக் கதவு, நடுவில் உருண்டை மரக்கம்பிகளைக் கிடையாக அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளும் சட்டம், உள்ளே கனமான பலகைக் கதவு. பகலில் பலகைக் கதவைத் திறந்துவிட்டுக் கம்பிச் சட்டத்தை மட்டும் இழுத்து விட்டால் காற்று வரும், திருடன் வரமாட்டான். கம்பிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும். எண்ணிப் பார்த்தேன், பார்த்த வீடுகளில் அப்படித்தான் இருந்தது.

மாலையில் லீவான் ஏரிப் பூங்காவில் பெரியவர்கள் நாலைந்து பேர் சொந்த வாத்தியங்களோடு உட்கார்ந்து இசைநாடகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட், மேடை எதுவும் கிடையாது. ஒரு பாட்டி பாடி முடித்ததும் அடுத்தவர் மைக்கை வாங்கிக்கொள்கிறார். இந்த ஏரிப்பக்கம் ஒரு காலத்தில் படகிலேயே விற்ற கஞ்சியை இப்போது கடைகளில் விற்கிறார்கள். அரிசி கரைந்து போகும்வரை வேகவைத்து, மெல்லிய மீன் துண்டு, இறால், வேர்க்கடலை, முட்டைக் கீற்று, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு போட்டுத் தருகிறார்கள். எனக்கு இரண்டு கிண்ணம் தேவைப்பட்டது.

புதன்

இன்று நடை அதிகம். குவாங்ஷியாவ் கோயிலில் தொடங்கினேன். மெட்ரோ முதல் வழித்தடத்தில் சிமென்கோ நிலையத்தில் இறங்கினால் பக்கம். 'ஊர் உருவாகும் முன்பே இந்தக் கோயில் இருந்தது' என்று உள்ளூரில் ஒரு சொலவடை உண்டு. ஹுய்நெங் என்ற துறவி 676ல் இங்கே போதிமரத்தடியில் தலைமழித்து முறைப்படி துறவு ஏற்றார். அவருடைய முடியைப் புதைத்த இடத்தில் ஒரு சிறு கோபுரம். காற்றில் ஆடிய கொடியைப் பார்த்து 'ஆடுவது காற்றா, கொடியா' என்று இரு துறவிகள் வாதாட, 'இரண்டும் இல்லை, ஆடுவது உங்கள் மனம்' என்று அவர் சொன்ன கதை நடந்ததும் இங்கேதான் என்பார்கள்.

கூட்டம் முடிக் கோபுரத்தைச் சுற்றியே நிற்கிறது. ஓரத்தில் இருக்கும் இரண்டு இரும்புக் கோபுரங்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 963லும் 967லும் வார்த்தவை, சீனாவில் எஞ்சியிருக்கும் இரும்புக் கோபுரங்களிலேயே மிகப் பழையவை. கிழக்குக் கோபுரம் ஏழு அடுக்கும் முழுசாக நிற்கிறது. மேற்கில் மூன்று அடுக்குதான் மிச்சம், ஜப்பானியப் போர்க்காலத்தில் மேலிருந்த கட்டடம் சரிந்ததில் மற்றவை போய்விட்டன. நெருங்கிப் பார்த்தால் உடல் முழுக்கக் குட்டிக் குட்டிப் புத்தர்கள்.

அங்கிருந்து ஹுவாலின் கோயில். சுற்றிலும் பச்சைக்கல் வளையல் சந்தை, அதற்குள் தொலைந்துதான் கோயிலைக் கண்டுபிடிக்க வேண்டும். 'மேற்கிலிருந்து வந்தவர் முதலில் கால் வைத்த இடம்' என்று இந்தப் பகுதிக்கே பெயர். வந்தவர் போதிதர்மர். சினிமா புண்ணியத்தில் நமக்கெல்லாம் அவர் காஞ்சிபுரத்துக்காரர். மிகப் பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. காஞ்சி என்பது பின்னால் வந்த மரபு. அதைக் கல்வெட்டில் பொறித்த உண்மையாக எடுத்துக்கொண்டு இங்கே நின்று நெஞ்சு நிமிர்த்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிமிர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் வஜ்ரபோதி இருக்கிறார். பல்லவர் காலத்தில் காஞ்சியில் இருந்தவர், இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலில் வந்து 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே குவாங்சோவில் இறங்கினார். இவர் வருகைக்குச் சான்று உறுதியானது. ஆனால் இவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

கோயிலின் உள்ளே ஐந்நூறு அர்ஹத்துகளின், அதாவது ஞானம் அடைந்த புத்தத் துறவிகளின், சிலை மண்டபம். தொப்பி வைத்த ஒரு சிலையைக் காட்டி மார்க்கோ போலோ என்பார்கள். எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் தேடிப் பார்த்தேன்.

மதியம் அக்கா வந்து சேர, ஒரு புத்தக் கோயிலை ஒட்டிய சைவ உணவகத்தில் சாப்பாடு. இந்தக் கோயில் சமையலில் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. காளான், தாமரைத்தண்டு, மூங்கில் குருத்து, டோஃபு எல்லாம் உண்டு. சோயாவில் செய்த வாத்துக்கறி என்று ஒன்று வந்தது. தோலும் நாரும் அசலாக இருக்கவே, அக்கா சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் விட்டாள். அதற்கு முந்தைய இரவு வேறொரு கடையில் 'சைவம்' என்று தலையாட்டி வைத்த முள்ளங்கி அப்பத்தில் காய்ந்த இறால் கிடந்த கதை இருக்கிறதே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த ஊரில் முள்ளங்கி அப்பத்தில் இறாலும் தொத்திறைச்சியும் போடுவதுதான் வழக்கம். சைவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

திரும்பும் வழியில் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல். தாங் வம்சக் காலத்தில் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) அரபு வணிகர் குடியிருந்த பகுதி. 36 மீட்டர் உயரத்துக்கு, அலங்காரமே இல்லாமல் வழவழவென்று வெள்ளையாக ஒரு உருளைக் கோபுரம். ஆறு அப்போது இவ்வளவு தள்ளி இல்லை, கப்பல்களுக்கு இதுவே விளக்கு. உள்ளே தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. சந்திலிருந்து பார்த்தாலே கோபுரம் நன்றாகத் தெரிகிறது.

வியாழன்

குவாங்சோவில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் என்ன பார்ப்பது என்று யாராவது கேட்டால் இனி நான் சொல்லப்போவது நான்ஹாய் கடவுள் கோயில். தென்கடல் தெய்வத்தின் கோயில். மையத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம், மெட்ரோ பதின்மூன்றாம் தடத்தில் கோயில் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நடக்கலாம். வழியில் லாரிகளும் கிடங்குகளும் மின்நிலையமும்தான். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும், தொடர்ந்து நடங்கள்.

594ல், சுய் வம்சப் பேரரசர் ஆணையில் எழுந்த கோயில். நாற்றிசைக் கடலுக்கும் ஒவ்வொன்றாகக் கோயில் வைத்தார்கள், முழு அமைப்போடு இன்று நிற்பது தெற்குக் கோயில் மட்டும். தென்கடலுக்குப் புறப்படும் கப்பல்கள் இங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பாய் விரிக்கும். வாசலின் கல் வளைவில் நான்கு எழுத்துகள், 'கடலே, அலை எழுப்பாதே' என்கிற பொருளில். மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டித் தெரிந்துகொண்டேன். ஆனால் எதிரே கடலே இல்லை. வண்டல் சேர்ந்து கரை விலகிப் போய்விட்டது. மிங், சிங் வம்சக் காலத்துப் படகுத்துறையின் கற்களை மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்து வாசலுக்கு வெளியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். துறை இருக்கிறது, தண்ணீரைக் காணோம்.

உள்ளே நுழைந்ததும் 820ல் ஹான் யூ என்ற பெரும் எழுத்தாளர் எழுதிய கல்வெட்டு. பக்கத்தில் ஒரு மேட்டில் சிறு மண்டபம். ஒரு காலத்தில் அங்கிருந்து சூரியன் கடலில் குளித்தெழுவதைப் பார்க்கலாமாம். நாடு கடத்தப்பட்டுத் தெற்கே வந்த கவிஞர் சூ ஷி அதைப் பார்த்துப் பாட்டெழுதினார். இப்போது ஏறிப் பார்த்தால் புகைபோக்கிகள். ஏறியது வீண் என்று சொல்லமாட்டேன், காற்று நன்றாக வந்தது.

நான் வந்தது இவற்றுக்காக அல்ல. ஒரு சிலைக்காக. முற்றத்தின் ஓரமாக, சீன அரசு அதிகாரியின் உடையில், கறுத்த முகத்தோடு ஒருவர் நிற்கிறார். கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தைப் பார்க்கிறார். கதை இப்படி. தாங் காலத்தில் இந்தியப் பக்கத்திலிருந்து தூது வந்த கப்பலில் இருந்தவர். கொண்டுவந்த பலாக்கொட்டைகளைக் கோயில் முற்றத்தில் நட்டுவிட்டு, இடத்தின் அழகில் மயங்கி நின்றுவிட்டார். அதற்குள் காற்று வாகாக வீச, கப்பல் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துக் கப்பலைத் தேடிக்கொண்டே இருந்தார், அப்படியே இறந்தும் போனார். ஊரார் அவரை அதே கோலத்தில் சிலையாக வடித்து, அதிகாரியின் உடை உடுத்தி, தாஹ்சி என்ற பெயரும் பதவியும் கொடுத்துக் கோயிலுக்குள் தெய்வமாக வைத்துவிட்டார்கள். அவருக்கு வைத்த பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர் வாயில் கோயிலுக்கே பலாக் கோயில் என்றுதான் பெயர்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். இருந்தாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்நியன் ஒருவன் கப்பலைத் தவறவிட்டான், சரி. அவனுக்கு உள்ளூர்க்காரர்கள் செய்யக்கூடியது பிச்சை போடுவது அல்லது புதைத்துவிடுவது. இவர்களோ உடையும் பதவியும் படையலும் தந்திருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்களால் பிழைத்த ஊர் என்பதால் இப்படியோ என்னவோ. நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெண்மணி வந்து ஆரஞ்சுப் பழங்களை அவர் முன் வைத்துவிட்டுப் போனார்.

முற்றத்தில் பலாமரங்கள் இருக்கின்றன. அவர் நட்டவை அல்ல, பின்னால் வந்தவை. அடிமரத்தில் பிஞ்சு விட்டிருந்தது. கூடவே பெரிய இலவமரங்கள், இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து. இலவம்பூ குவாங்சோவின் நகரப்பூ. உதிர்ந்த பூக்களை இரண்டு பாட்டிகள் பையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காயவைத்துக் கஷாயத்திலும் சூப்பிலும் போடுவார்களாம். சாமந்தி உள்ளிட்ட இன்னும் சில பூக்களோடு கொதிக்கவைக்கும் ஐந்து பூக் கஷாயம் நகரத்தில் எல்லா மூலிகைத் தேநீர்க் கடையிலும் கிடைக்கும், லேசான இனிப்பு. தைரியசாலிகள் 'இருபத்துநான்கு சுவை' கேட்கலாம். பெயர்தான் இருபத்துநான்கு, நாக்குக்குத் தெரிவது கசப்பு ஒன்றுதான்.

சீன நாட்காட்டியின் இரண்டாம் மாதம் 11 முதல் 13 வரை இங்கே திருவிழா. அப்போது காகிதமும் இறகும் ஒட்டிச் செய்த கோழிப் பொம்மை விற்பார்கள், பலாக்கோழி என்று பெயர். நான் போனது கூட்டமில்லாத நாளில். ஒரு கடையில் மிச்சமிருந்த கோழி ஒன்றை வாங்கினேன். இறகு உதிராமல் ஊர் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளி

அக்காவோடு சோங்தா துணிச் சந்தை. பை தூக்கும் வேலை. கட்டடம் கட்டடமாகத் துணி, லேஸ், நூல், பொத்தான். பொத்தான்களுக்கு மட்டுமே முழு மாடிகள். கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டுவதும் தலையாட்டுவதுமாகவே வியாபாரம் முடிகிறது. அக்காவுக்கு இதில் மொழி எதுவும் தேவைப்படவில்லை. கடைக்காரப் பெண் அவளை 'மூத்த சகோதரி' என்று ஆப்பில் அழைக்க, அக்காவும் பதிலுக்கு "தங்கச்சி, கொஞ்சம் குறைச்சுப் போடும்மா" என்று தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள். குறைத்தார்கள்!

பிற்பகல் பேருந்தில் ஷியாவ்சோ கிராமம், நகருக்குள்ளேயே கால்வாய்களோடு மிஞ்சியிருக்கும் ஊர். சிப்பி ஓடுகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய சுவர்கள் சில வீடுகளில் இன்னும் உண்டு. தொட்டுப் பார்க்கும்போது கவனம், விளிம்பு கூர்மை. ஓவியர்கள் குடிவந்து, பின்னாலேயே கடைகளும் வந்து, ஊர் பாதி மாறிவிட்டது. அரை நாள் போதும்.

அங்கே ஒரு கடையில் இஞ்சிப்பால். கிண்ணத்தில் இஞ்சிச்சாறு, அதன்மேல் சர்க்கரை போட்ட சூடான எருமைப்பாலை ஒரே ஊற்று, பிறகு கலக்கக் கூடாது. இஞ்சியில் உள்ள நொதி பாலை உறைய வைத்துவிடும். கொதிக்கும் பாலானால் நொதி செத்துவிடும், ஆறிப்போனால் உறையாது. சூடு எழுபது டிகிரி சுமாருக்கு இருக்க வேண்டும். சில நிமிடத்தில் மேலே கரண்டியை வைத்தால் மூழ்காமல் நிற்கிறது. முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, அக்கா இரண்டாவது கிண்ணம் சொன்னாள். கடைகளில் பக்கத்திலேயே எழுதியிருக்கும் 'இரட்டை ஆடைப் பால்' வேறு பண்டம். அதில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. எனக்கு அதுவும் பிடித்தது.

சனி

கடைசிக் காலையைத் தேநீர் விடுதிக்கு ஒதுக்கினோம். காண்டனீஸ்காரர்கள் டிம் சம் (தேநீரோடு வரும் சிறு சிறு பலகாரங்கள்) சாப்பிடப் போகிறோம் என்று சொல்வதில்லை, தேநீர் குடிக்கப் போகிறோம் என்பார்கள். எட்டு மணிக்கெல்லாம் பாதி மேசைகளில் பெரியவர்கள் செய்தித்தாளோடு குடியேறிவிட்டார்கள். பத்து மணி வரை எழுந்திருக்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை.

உட்கார்ந்ததும் கெண்டியும் ஒரு பெரிய கிண்ணமும் வரும். முதல் தேநீர் குடிக்க அல்ல. கோப்பை, தட்டு, குச்சிகளை அதில் அலசிப் பெரிய கிண்ணத்தில் கொட்ட வேண்டும். "ஏன்டா, இவங்க கழுவித் தரமாட்டாங்களா?" என்றாள் அக்கா. கழுவித்தான் தருகிறார்கள், இருந்தாலும் அலசுவது வழக்கம். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் விரல்களை மேசையில் லேசாகத் தட்டினால் நன்றி. கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் கேட்கிறீர்கள் என்று பொருள், வாய் திறக்கவே வேண்டாம். தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் காசு தனியாகப் பில்லில் வரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பலகாரங்களைச் சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று தரம் பிரித்து விலை வைத்திருப்பார்கள்.

எனக்கு இறால் கொழுக்கட்டை, கறுப்பு அவரைச் சாஸில் கோழிக்கால். முதலாவதன் மாவு உள்ளிருக்கும் இறாலின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லியது. கோழிக்காலில் கடிக்க ஒன்றுமில்லை, எலும்பைத் துப்பிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். ருசி பிடிக்க ஒரு வயது வேண்டும்போல, எனக்கு இன்னும் வரவில்லை. அக்காவுக்குப் பொரித்த மாவுத்தண்டை அரிசிச் சுருளுக்குள் வைத்த ஒன்று, மொறுமொறுப்பும் குழைவும் சேர்ந்தது. அப்புறம் நீர்க்கிழங்கு அப்பம், அதைக் கண்ணாடித் துண்டாக வெட்டி வறுத்துத் தந்தார்கள். லீவான் ஏரியைச் சுற்றிய சதுப்பில் இந்தக் கிழங்கு ஒரு காலத்தில் ஏராளமாக விளைந்தது. தாமரைத்தண்டோடும் வேறு மூன்று நீர்ப்பயிர்களோடும் சேர்த்து 'ஐந்து அழகுகள்' என்று இந்தப் பகுதிக்கே பெருமை. வயலெல்லாம் கட்டடமாகிவிட்டது, அப்பம் மட்டும் மெனுவில் இருக்கிறது.

பார்க்காமல் விட்டதில் மனதை அரிப்பது சாங்சோ தீவு. 1924ல் சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்சென் தொடங்கிய ஹுவாங்பூ ராணுவப் பள்ளியைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகப் போவார்கள். அதே தீவின் குன்றில் பம்பாயிலிருந்து பஞ்சும் அபினும் கொண்டுவந்து வியாபாரம் செய்த பார்சிகளின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களில் சிலரும் திரும்பிப் போகவில்லை. அக்டோபரில் அக்கா மறுபடி பொத்தான் எடுக்க வருகிறாள். பை தூக்க ஆள் வேண்டுமா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். "முதல்ல இந்தப் பையைத் தூக்கு" என்கிறாள்.